7.1-ஐயும் 192-ஐயும் விடுங்கள், துளையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம், யாராவது எழுத வேண்டியதுதான். ஆனால் சவுண்டு கார்டு பற்றி அதில் சொன்ன யோசனை சரியில்லை. கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற 7.1 கார்டாகப் பார்த்து வாங்குங்கள், 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,92,000 துணுக்குகளாக ஒலியைப் பதிவு செய்கிற வசதி இருந்தால்தான் ஸ்டுடியோ தரம் வரும் என்று எழுதியிருந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இதைப் படித்ததும் பகீரென்றது. காரணம், அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்குப் போகக்கூடிய பையன்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் கானா பாடுகிறவர் ஒருவராவது இருப்பார், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர் ஒருவர் இருப்பார். வாங்கிவிட்டு, "இன்னாண்ணா, சவுண்டே வரல" என்று கடைசியில் என் மேசையில்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

முதலில் இந்த 7.1 கணக்கு. அது வெளியே போகிற ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை: ஏழு ஸ்பீக்கர், கூட ஒரு சப்வூஃபர். படம் பார்க்க, கேம் ஆட அது சரி. பாடுகிறவருக்கு வேண்டியது உள்ளே வருகிற வழி. அந்தக் கார்டுகளின் பின்பக்கம் வரிசையாகக் கலர் கலராகத் துளைகள் இருக்குமே, அதில் முக்கால்வாசி ஸ்பீக்கருக்குத்தான் போகும். மைக்குக்கு என்று இருப்பது 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றே ஒன்று, அதுவும் ஹெட்செட்டில் தொங்குகிற சின்ன மைக்கை மனதில் வைத்துச் செய்தது. மேடையில் பிடித்துப் பாடுகிற மைக்கை அதில் செருகினால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிசாக வரும், பூஸ்ட்டை ஏற்றினால் குரலோடு சேர்ந்து உஸ்ஸென்ற இரைச்சலும் ஏறும். இது கார்டின் குற்றமில்லை, அது செய்யப்பட்ட வேலை வேறு.

ஒரு காலத்தில் உள்ளே கார்டு மாட்டித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது சாதாரண பி.சி. தானாகப் போட்ட சத்தம் பீப் பீப் மட்டும்தான். இப்போது எல்லா மதர்போர்டிலும் ஒலிக்கென்று ஒரு சிப் வந்துவிட்டது, பாட்டு கேட்க அதுவே போதும். ரெக்கார்டு செய்வதற்கென்று வந்த பிசிஐ கார்டுகளும் இருந்தன, எம்-ஆடியோவின் ஆடியோஃபைல் 2496 மாதிரி, அருமையான கார்டு. இன்றைக்குப் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்தாலும் அதைச் செருகுவதற்கான பிசிஐ ஸ்லாட் இப்போது வருகிற மதர்போர்டுகளில் அநேகமாக இல்லை. ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கம்பியில் மாட்டுகிற பெட்டிகளுக்கும் இதே கதைதான், பெட்டி மலிவு, அதை மாட்ட லேப்டாப்பில் போர்ட் ஏது?

ஆக, வீட்டில் ரெக்கார்டு செய்கிறவர் வாங்க வேண்டியது யுஎஸ்பி கம்பியால் வெளியே மாட்டுகிற பெட்டி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெறும் சவுண்டு கார்டு என்று கேட்டீர்களோ, கட்டைவிரல் அளவில் இருக்கிற யுஎஸ்பி குச்சியை எடுத்து நீட்டிவிடுவார்கள், அதிலும் 7.1 என்று அச்சடித்திருக்கும். இருநூறு முந்நூறு ரூபாய் போச்சு.

அந்தப் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் ஒன்றுதான் கேட்பேன்: ஒரே நேரத்தில் எத்தனை ஒலி உள்ளே வர வேண்டும்? டிராக் போட்டுவிட்டு அதன்மேல் ஒருவர் மட்டும் பாடுகிறார் என்றால் ஒரு மைக் துளை போதும். பாடுகிறவரும் டோலக் வாசிக்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்தால்தான் கானா உயிரோடு வரும் என்பது என் அபிப்பிராயம், அப்படிச் செய்ய மைக் துளை இரண்டு வேண்டும். புல்புல்தாராவும் சேர்ந்தால் மூன்று, அல்லது இரண்டு மைக்கைப் பங்கு பிரித்து வைக்கத் தெரிந்த ஒரு ஆள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவை விலை குறைவென்று வாங்கிவிட்டு, அதில் இன்னொரு துளை இருக்கிறதே, இரண்டாவது மைக்கை அதில் மாட்டலாம் என்று நினைக்கிறார்கள். அது கிதார், கீபோர்டு போன்றவற்றுக்கான துளை. சோலோவில் மைக் ஒன்றுதான். இரண்டு மைக் வேண்டுமானால் அதே ஸ்கார்லெட் வரிசையில் 2ஐ2, அல்லது பெரிங்கரில் யூஎம்சி202எச்டி. வாங்குகிற அன்றைக்கே இதை யோசித்துவிட வேண்டும், பிறகு துளையைக் கூட்ட முடியாது.

கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. கீபோர்டு ஸ்டீரியோ, இடது வலது இரண்டும் தனித்தனியாக வர வேண்டுமென்றால் லைன் துளைகள், அதாவது மைக் அல்லாத கருவிகளின் ஒலிக்கான துளைகள், இரண்டு தேவை. சின்ன கீபோர்டுகளில் ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கும், அதிலிருந்து இரண்டாகப் பிரிகிற கம்பி போட்டு எடுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி இருக்கிறதே, நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஆகாதா என்பார்கள். பல கீபோர்டுகளில் அந்தக் கம்பி வழியாகப் போவது மிடி, அதாவது எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல் மட்டும்தான், ஒலி போகாது. ஒலியைக் கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேர் போட வேண்டும். அப்படி வேலை செய்கிறவருக்கு மைக் துளையைவிட நல்ல டிரைவர்தான், அதாவது பெட்டியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற சாஃப்ட்வேர்தான் முக்கியம், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது நான் அடிக்கடி பார்க்கிற ஒரு சங்கதி. இந்தப் பெட்டிகளின் முன்பக்கத் துளை காம்போ என்பார்கள்: சுற்றிலும் மூன்று ஊசிக்கு இடம், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. மூன்று ஊசி உள்ளது எக்ஸ்எல்ஆர், நம்ம மைக் செட்காரர்கள் கேனன் பின் என்று சொல்வது. நடுவில் போவது பி-38, அதாவது 6.35 மில்லிமீட்டர் ஜாக். கல்யாண மைக் செட்டில் வருகிற மைக் கம்பி பாதிக்குப் பாதி ஒரு முனை கேனன், மறுமுனை பி-38 என்றுதான் இருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கு அது பொருந்தும். அதே கம்பியை இன்டர்ஃபேஸில் செருகினால் கச்சிதமாக உள்ளே போகும், ஆனால் ஒலி வராது, வந்தாலும் முனகும். பெரும்பாலான பெட்டிகளில் மைக்கை வளர்த்தெடுக்கிற ப்ரீஆம்ப் கேனன் வழியில்தான் இருக்கிறது, நடு ஓட்டை கீபோர்டு, கிதாருக்குப் போகிற வேறு வழி. பெட்டி கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் கேனன் உள்ள கம்பியை மாட்டிக் காட்டினால் போதும், முகமே மாறிவிடும். எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்குகிறவர் கம்பியில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அடுத்து அந்த வி8. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆன்லைனில் பிஎம்-800 என்ற கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்கிற, மெல்லிய ஒலியையும் பிடிக்கிற வகை), வி8 என்ற சவுண்டு கார்டு, வளைகிற ஸ்டாண்டு, நுரைப்பஞ்சு எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்கிறார்கள். படத்தில் பார்த்தால் அப்படியே ஸ்டுடியோ. வி8-ல் பொத்தான் அழுத்தினால் கைதட்டல் வரும், சிரிப்புச் சத்தம் வரும், குரலை ஆண் பெண் என்று மாற்றும். போனில் லைவ் போடுகிறவர்களுக்கும் கரோக்கே ஆப்பில் பாடுகிறவர்களுக்கும் செய்த சாமான் அது, அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெக்கார்டிங்குக்கு ஆகாது. எக்கோ குரலோடு கலந்தே பதிவாகிவிட்டால் பிறகு மிக்ஸ் செய்யும்போது அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் அந்த மைக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செட்டோடு வருகிற கம்பியின் மறுமுனை 3.5 மில்லிமீட்டர், அதில் மைக்குக்குக் கிடைக்கிற மின்சாரம் சில வோல்ட்தான். அதே மைக்கைக் கேனன் கம்பி போட்டு, 48 வோல்ட் கொடுக்கிற இன்டர்ஃபேஸில் மாட்டிப் பாருங்கள், இது வேறு மைக்கோ என்று தோன்றும்.

அந்த 48 வோல்ட்டுக்கு ஃபாண்டம் பவர் என்று பெயர், கண்டென்சர் மைக்குக்குக் கட்டாயம் வேண்டும். ஷூர் எஸ்எம்58 மாதிரி மேடையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை, ஆன் செய்திருந்தாலும் நல்ல கேனன் கம்பி போட்டிருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. சின்னப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு துளைக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான், பயப்பட வேண்டாம். மைக்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் மட்டும் அதை ஆஃப் செய்துவிட்டு, ஹெட்போன் ஒலியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன், கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது இதுதான். பாடுகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்ப ஹெட்போனுக்கு வர எடுத்துக்கொள்கிற நேரத்தை லேட்டன்சி என்கிறார்கள். விண்டோஸின் சாதாரண வழியில் அது அதிகம், நீங்கள் ஒரு சொல்லைப் பாடி முடித்த பிறகு காதில் அதே சொல் வால் பிடித்துக்கொண்டு வரும். இதைக் குறைக்க ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏஷியோ என்ற முறைதான் இன்றுவரை விண்டோஸில் ரெக்கார்டிங் செய்கிறவர்களின் வழி. கணக்கு ரொம்ப எளிது. ஒரு நொடிக்கு 44,100 துணுக்குகள் என்று பதிவாகும்போது, பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்புகிற துணுக்குகளை, 1024 என்று வைத்தால் உள்ளே போக 23 மில்லி செகண்டு, வெளியே வர 23. ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும், ஆக உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிற டோலக்காரர் பதினைந்து மீட்டர் தள்ளி, நாலு வீடு தாண்டி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். தாளம் எங்கே நிற்கும்? பஃபரை 128-க்கு இறக்கினால் போக வர ஆறு மில்லி செகண்டு, கூடக் கொஞ்சம், காதுக்குத் தெரியாது. டிரைவர் சுமாராக இருந்தால் 128-ல் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் வரும். விலை குறைந்த பெட்டிக்கும் கொஞ்சம் கூடுதல் விலைப் பெட்டிக்கும் நான் பார்த்த பெரிய வித்தியாசம் ஒலியில் இல்லை, இதில்தான். பெரிங்கர் யூஎம்சி22-க்கு அந்த நிறுவனமே தனி ஏஷியோ டிரைவர் தருவதில்லை, ஏஷியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு ஓட்ட வேண்டும். ஓடும். ஒருவர் குரலுக்கு அதுவே போதும். கீபோர்டை மிடியில் மாட்டி சாஃப்ட்வேர் ஒலியை வாசிக்கிறவர் மட்டும் தனி டிரைவர் உள்ள பெட்டிக்குப் போய்விடுங்கள், கட்டையை அழுத்தினதும் ஒலி வராவிட்டால் வாசிக்கவே பிடிக்காது.

பாடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதை ஆன் செய்துவிட்டு சாஃப்ட்வேரிலும் குரலைத் திறந்து வைத்தால் இரட்டையாகக் கேட்கும், ஒன்றை மூடிவிடுங்கள். அப்புறம், புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் தாமதம் இருக்கும், பாட்டு கேட்கும்போது தெரியாது, பாடும்போது கொன்றுவிடும்.

192 கிலோஹெர்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 44.1-ல் பதிவு செய்தாலே அதில் பாதி, 22 வரை வந்துவிடும். சி.டி. முழுக்க அந்தக் கணக்குதான். வீடியோவோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் 48 வைத்துக்கொள்ளுங்கள். அடிபம்பில் கலங்கல் தண்ணி வரும்போது குடத்தை எவ்வளவு பெரிசாக வைத்தாலும் பிடிப்பது கலங்கல்தானே. பத்து டிராக், நாலு நிமிடப் பாட்டு, 24 பிட் (ஒவ்வொரு துணுக்கையும் எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்ற எண்): 48-ல் பதிவு செய்தால் 350 எம்.பி.க்குக் கொஞ்சம் கம்மி, 192-ல் செய்தால் 1.4 ஜி.பி. பழைய லேப்டாப் மூச்சு வாங்கும், கேட்கிறவர் காதில் வித்தியாசம் தெரியாது, யூடியூபில் ஏற்றினால் அது தன் பங்குக்கு எப்படியும் சுருக்கிவிடும். மாறாக 24 பிட் என்பது பார்க்க வேண்டிய எண்தான். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் இடம், 24-ல் கணக்குப்படி 144. இதனால் என்ன லாபம் என்றால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்குகிற திருகை, முறுக்கி ஏற்றாமல், மீட்டர் -12 டெசிபெல்லைத் தாண்டாதபடி தாழ்வாகவே பதிவு செய்துகொள்ளலாம். கானா பாடுகிறவர் பல்லவியில் பேசுகிற மாதிரி ஆரம்பித்துச் சட்டென்று உச்சத்துக்குப் போவார், அந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து குரல் உடைந்தால் எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சரியாகத் திரும்ப ஒட்ட முடியாது.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கென்று இரண்டு தொல்லை உண்டு. ஒன்று எர்த். பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. லேப்டாப்பில் சார்ஜரை மாட்டியதும் ம்ம்ம்... என்று ஒரு சத்தம் பதிவில் வந்து உட்காரும், மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். சவுண்டு கார்டு மட்டம் என்று திட்டுவார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் கார்டு மேல் குற்றமில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள், அது பாட்டுக்கு மட்டுமில்லை, உயிருக்கும் நல்லது. கரண்ட் போய் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இதே மாதிரி இரையும். அந்த நேரத்தில் பேட்டரிதான் வழி.

இன்னொன்று வெளிச் சத்தம். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, இது போதாதென்று எதிர் வீட்டு மிக்ஸி. கண்டென்சர் மைக் இத்தனையையும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வரும். கட்டுரையில் கண்டென்சர்தான் ஸ்டுடியோ மைக் என்று எழுதியிருந்தார்கள். சத்தம் புகாத அறை உள்ளவர்களுக்கு உண்மைதான், ஷீட் போட்ட வீட்டில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்த டைனமிக் மைக் நல்லது. டைனமிக்குக்குக் கெயின் நிறைய வேண்டும், ரொம்ப மலிவான பெட்டியில் கெயினைக் கடைசிவரை திருப்பினால் உஸ்ஸென்று கேட்கும். எனவே டைனமிக் மைக் என்று முடிவு செய்தவர் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். கடையில் கேட்டுப் பார்க்க விட்டால், மைக்கை மாட்டிக் கெயினை முழுசாகத் திருப்பி, யாரும் பேசாமல் ஹெட்போனில் கேளுங்கள். பெட்டியின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும். சில கடைகளில் பிரிக்கவே விடமாட்டார்கள், பரவாயில்லை, அண்ணா சாலையில் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன, 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிகல் உட்பட, கீபோர்டு வாங்கப் போகிற சாக்கில் விசாரித்துவிட்டு வாருங்கள். எங்கே வாங்கினாலும் பில் போட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறேன் என்றால் வாரண்டியை அந்த ஐந்நூறுக்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் இருக்கிறது என்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அவர்களைப் பற்றியும் கட்டுரையில் பேச்சில்லை. யுஎஸ்பி கிளாஸ் கம்ப்ளையன்ட் (தனி டிரைவர் தேவையில்லாதது) என்று போட்டிருக்கிற பெட்டிகள் பெரும்பாலும், போனில் யுஎஸ்பி சாமான்களை மாட்ட உதவுகிற ஓடிஜி கம்பி வழியாக ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். போனால் பெட்டிக்குப் போதுமான கரண்ட் கொடுக்க முடியாதபோது விட்டு விட்டு அணையும், அதற்குத் தனியாகப் பவர் கொடுக்கிற ஹப் ஒன்று போட வேண்டும். கம்ப்யூட்டர் உள்ளவர்கள் மாறாக ஹப் இல்லாமல் நேராகவே மாட்டுங்கள். சாஃப்ட்வேருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் சின்னத் தொகை கட்டிக்கொள்ளலாம். திருட்டு சாஃப்ட்வேரை இறக்கி வைரஸோடு என் கடைக்கு வராமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

அடுத்த ஞாயிறு இதன் தொடர்ச்சியாக மைக் பற்றி எழுதப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். எழுதுகிறவரிடம் சொல்லி மைக்கின் விலையோடு கேனன் கம்பி, ஸ்டாண்டு விலையையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், முடிந்தால் 7.1 பற்றி ஒரு திருத்தமும் அதே பக்கத்தில் வரட்டும். யாராவது கார்டை வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ள ஒரு வாரம்தான் பெரும்பாலான கடைகளில் நேரம் கொடுப்பார்கள், அதனால் திருத்தத்தை அதற்கடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21